ரெண்டு பேர் பாரத்துக்குப் போட்ட பிரேக்

உள்ள தள்ளி வந்து நில்லுங்க, அந்த ஓரம் தகரம் ஓட்டை, சொட்டுது. இப்படி வாங்க. இந்தக் கல்லு மேல உக்காருங்க. எனக்குப் போச்சாதுங்க, பரவாயில்ல, காலையில இருந்து உக்காந்து உக்காந்து இடுப்புக் கடுத்துப் போச்சு, நான் சித்த நிக்கறேன். மழை இப்போதைக்கு விடாது. மேல பாருங்க, மேகம் எப்படிக் கட்டியிருக்குதுன்னு. செம்மேடுங்களா போறீங்க? தபால் ஆபீஸா! அப்ப கட்டாயம் நனையக் கூடாது, பையில ஊரார் காயிதம் இருக்கும். உக்காருங்க.

அதுங்களா? என்ற வண்டிதான். எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. தூரப் பயணத்துக்குன்னே செஞ்ச பைக்குங்க. வெறும் வண்டியே முந்நூத்தி நாப்பது கிலோ. அது மேல நான் எண்பத்தெட்டு, என்ற ஊட்டுக்காரி அறுவத்தொண்ணு, பொட்டி சாமான் இருபத்தஞ்சு. கூட்டிப் பாருங்க, ஐநூத்திப் பதினாலு. அத்தனையும் ரெண்டு விரல்ல நிறுத்தோணும். உங்க வண்டி டிரம் பிரேக்குத்தான? உங்குளுக்கு அது போதும். நெனச்ச எடத்துல நிக்காது, அதுக்குப் பக்கத்துல எங்கியாச்சும் நிக்கும். தப்பா எடுத்துக்காதீங்க, பிரேக்குன்னு பேச்சு வந்துட்டா எனக்கு வாய் நிக்காது.

என்ன ஆச்சா? முன் சக்கரம் புடிச்சுக்கிச்சுங்க. கொல்லிமலை ஏறற இந்த நாப்பத்தி மூணாவது வளைவுல திரும்பறேன், கருகற நாத்தம் வருது, என்னடான்னு பாக்கறதுக்குள்ள நடு ரோட்ல நின்னுபோச்சு. பிரேக்க நான் தொடவே இல்லீங்க. அதுவாப் புடிச்சுக்கிச்சு. வாழைத்தாரு ஏத்திட்டு எறங்குன வேன்காரங்க நாலு பேரு, மகராசனுங்க, முன் சக்கரத்த அலாக்காத் தூக்கி ஓரங்கட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. இல்ல, இல்ல, தள்ளிப் பாக்க வேண்டாமுங்க. நீங்க உக்காருங்க.

பேரு சென்னியப்பனுங்க. நாமக்கல்லுல சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல், கேள்விப்பட்டிருப்பீங்க. இருபத்தாறு வருஷம். எங்க கார்ல எடது சீட்டுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு இருக்கும், அது வாத்தியாருக்கு. படிக்கறவங்க தாங்கதான் ஓட்டறமுன்னு நெனச்சுக்குவாங்க. ஸ்டேரிங்கு அவங்க கையில, ஆக்ஸிலேட்டர் அவங்க கால்ல, நிறுத்தறது மட்டும் நானுங்க. இத்தனை வருஷத்துல என்ற கார்ல ஒரு கோழி அடிபட்டதில்ல. அது அப்படியே பழக்கமாப் போச்சு. பஸ்ஸுல உக்காந்தாலும் கால் தானா அமுத்தும். போன வருஷம் எங்க சித்தப்பா சவத்தக் கொண்டு போற வண்டில முன் சீட்டுல உக்காந்து, சுடுகாடு வரைக்கும் அமுத்திட்டே போனனுங்க. அழுதுட்டு வந்த எங்க சின்னம்மாவே பாத்துட்டுச் சிரிச்சுப் போட்டாங்க.

நாமக்கல்லுல கார் ஓட்டற பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு நாந்தான் வாத்தியாரு. டாக்டரம்மா, கோழிப்பண்ணை வெச்சிருக்கற அம்மாங்க, தாசில்தார் ஊட்டம்மா, எல்லாரும். என்ற ஊட்டுக்காரிக்குங்களா? இல்லீங்க. கண்ணாலமான புதுசுல ஒருக்காக் கேட்டா. நான் இருக்கறப்ப உனக்கு எதுக்குன்னேன். அப்பறம் கேக்கல. அவளுக்கு அதுல ஆசை இல்லீங்க.

கோகிலவாணின்னு பேரு. நான் வாணிம்பேன். பி.ஏ. தமிழ் படிச்சவ. எங்க ஸ்கூல்ல நோட்டு எழுதறது, லைசென்ஸுக்குப் பாரம் நெரப்பறது எல்லாம் அவதான். எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். ஒரே பொண்ணு எங்களுக்கு, ஆறு வருஷம் முந்தி திருப்பூர்ல கட்டிக் குடுத்தோம். ஊடு வெறிச்சுன்னு போச்சு. சரி, இனி நம்ம ரெண்டு பேரும் ஊர் சுத்துவோம்னுதான் இந்த வண்டிய எடுத்தேன். அவளுக்காகத்தானுங்க எடுத்தேன். பின் சீட்டப் பாருங்க, சோபா மாதிரி, சாஞ்சுக்கறதுக்குத் திண்டு, ரெண்டு பக்கமும் கைப்புடி. அப்படி ஒரு சீட்டு என்ற ஸ்கூல் கார்ல கூடக் கிடையாது.

நெடுஞ்சாலை நண்பர்கள்னு எங்க ஊர்ல ஒரு சங்கம், பதினாலு வண்டி. மத்தவனுக எல்லாம் ஒண்டியாத்தான் வருவானுக. நாங்க மட்டுந்தான் ஜோடி. எந்த ஊர்ல போட்டோ எடுத்தாலும் எங்களத்தான் நடுவுல நிறுத்துவாங்க. "அண்ணனும் அக்காளும் வந்தாத்தான் ரைடு களை கட்டுது"ம்பாங்க. அதுக்குன்னே அவளுக்கும் ஒரு தோல் கோட்டு எடுத்துக் குடுத்தேன். மேலுக்கு ஆகலைன்னாலும், கால் வீங்குனாலும் வந்துருவா. வாயே தொறக்க மாட்டா. ஹெல்மெட்டுக்குள்ள பேசிக்கற மாதிரி ஒரு மிசினு விக்குதுங்களே, அதை ரெண்டு பேருக்கும் மாட்டி விட்டேன். வழி நெடுக நான் சொல்லிட்டே போவேன். லாரி வருது, பிரேக் புடிக்கறேன். பள்ளம், புடிக்கறேன். இந்த ஊருதான் அந்த ஊருன்னு. மொதல்ல எல்லாம் அவ "ம்"ம்பா, போகப் போக அதுவுங் கேக்கல. அப்பறந்தான் தெரிஞ்சுது, அவ மிசினுக்கு எட்டு மாசமா சார்ஜே போடலையாமா. கேட்டதுக்கு மறந்துட்டனுங்கன்னா. வயசு நாப்பத்தெட்டாகுது, மறதி வராதுங்களா?

இந்தப் பிரேக்குக் கதை போன தையில ஆரம்பிச்சுதுங்க. கொடைக்கானல் போறோம். வத்தலக்குண்டு தாண்டி முன்னால போன கரும்பு லாரி சட்டுனு நிறுத்திட்டான். நானும் நிறுத்திட்டேன், ஒரு மொழம் எடவெளில. ஆனா வாணி அப்படியே என்ற முதுகுல வந்து மோதுனா. அவ ஹெல்மெட்டு என்ற பொடணில டங்குன்னு இடிச்சுது. மேல போயி ரூம்ல கோட்டைக் கழட்டிட்டுச் சொன்னா, "இனிமே நான் வரலைங்க." அவ்வளவுதான். சத்தமே போடல. கோட்டை மடிச்சு வெச்சா, மொகம் கழுவப் போயிட்டா.

எனக்கு மனசு ஒடஞ்சு போச்சுங்க. பிரேக்கு வாத்தியாரு நானு, என்ற பொண்டாட்டிக்கே என்ற பிரேக்கு மேல நம்பிக்கை இல்லியேன்னு. அங்கியே நெனச்சுக்கிட்டேன், இவளுக்கு அந்தப் பயத்தப் போக்காம விடறதில்லைன்னு.

கோயமுத்தூர்ல நசீர்னு ஒரு மெக்கானிக்கு. பெரிய வண்டின்னா அவன்தானுங்க. மொதல்ல பிரேக் பேட் மாத்துனான், நல்லாக் கடிக்கற பேட்டு. வாணிய ஏத்திட்டு பைபாஸ்ல ஒரு ரவுண்டு. எண்பதுல போயி நிறுத்திக் காட்டிட்டுக் கேட்டேன், எப்படி? "நல்லா நிக்குதுங்க"ன்னா. அப்ப அடுத்த வாரம் ஏற்காடு போலாமா? "நான் வரலைங்க." சரி, பத்தல போலன்னு பிரேக் ஆயில் போற ஓஸ மாத்துனோம். ரப்பர் ஓஸ் அமுத்துனா உப்பும், அதனால வெளிய இரும்புக் கம்பி பின்னுன ஓஸ். மறுபடி பைபாஸ். "நல்லா இருக்குதுங்க. நான் வரலை." அப்பறம் சக்கரத்துல இருக்கற டிஸ்க்குத் தட்டு. இருந்ததை விடப் பெரிசு, வெளிநாட்டுல இருந்து வர நாப்பது நாளாச்சு. அப்பறம் டிஸ்க்கப் புடிக்கற காலிப்பர், நாலு பிஸ்டன் வெச்சது. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பைபாஸ்தான். டோல்கேட்டுப் பக்கம் எளநி விக்கற அம்மா எங்களப் பாத்தாலே, "இன்னும் நிக்கலீங்களா அந்த வண்டி?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

பங்குனில ஒரு நாள் வாணியே எடுத்துச் சொன்னாளுங்க. தோசை ஊத்திட்டு இருக்கறா, திரும்பாமயே சொல்றா: "ஆறு வருஷமா உங்க முதுகைத்தானுங்க பாத்துட்டு வர்றேன். எந்த ஊரும் எனக்குத் தெரியல. மூணாறு எப்படி இருந்துச்சுன்னு பக்கத்து ஊட்டுல கேட்டா, பச்சையா இருந்துச்சுங்கறேன். உங்க கோட்டு கறுப்பு. அது நல்லாத் தெரியும்." நான் நசீருக்குப் போன் போட்டேன். முதுகு மட்டுந்தான் தெரியுதுன்னா என்ன அர்த்தம்? பிரேக் புடிக்கறப்ப ஆளு முன்னால சரியறான்னு அர்த்தம். முன் சக்கரத்தத் தாங்கற போர்க்கு ரொம்ப அமுங்குதான்னு பாருன்னேன். அவன் பாத்தான், கெட்டி ஸ்பிரிங்கு போட்டான். நசீர் ஒரு தடவை கேட்டானுங்க, "அண்ணா, அக்கா நெசமாலுமே பிரேக்கைத்தான் சொல்றாங்களா?"ன்னு. வேற எதைடா சொல்லுவா, உன்ற வேலையப் பாருன்னுட்டேன். கோவம் வந்துருச்சு எனக்கு.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. அவ தங்கச்சி சுகந்தி, உங்க செம்மேட்டுலதான், பள்ளிக்கூட டீச்சரு. தெரியுங்களா? அங்க பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டன் வேலை ஒண்ணு காலியா இருக்குது, டிகிரி படிச்சவங்க வேணும், அக்கா வர்றாளான்னு சுகந்தி கேட்டிருக்கறா. வாணி என்ற கிட்ட வந்து, "போகட்டுங்களா?"ன்னா. தாராளமாப் போ, நாலு நாள் இருந்துட்டு வா, மலைக்காத்து ஒடம்புக்கு நல்லதுன்னேன். "நாலு நாளில்லீங்க, வேலை"ன்னா. அட, நம்ம ஸ்கூல்ல உக்காந்து எழுதறயே, அது வேலை இல்லியான்னேன். அவ போயித் துணியெடுத்து மடிச்சா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

ஆடி பொறந்தப்பத்தான் கையில புடிக்கற பிரேக்கு லிவரு கதை. சங்கத்துல கோவா வரைக்கும் பத்து நாள் ரைடுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஜோடின்னு எங்க பேரைத்தான் மொதல்ல எழுதுனாங்க. கை தட்டறாங்க எல்லாரும், நான் எப்படி அவ வரமாட்டான்னு சொல்றதுங்க? ஊட்டுக்கு வந்து வாணிகிட்டச் சொன்னா, "வரலைங்க." எனக்கு வெறியே புடிச்சுது. எல்லாம் மாத்தியாச்சு, இன்னும் என்னதான் கொறைன்னு வண்டில உக்காந்து லிவர அமுத்தி அமுத்திப் பாக்கறேன். கண்டுபுடிச்சுட்டேன். லிவர அமுத்துனா மொதல்ல ஒரு நூலளவு சும்மா வருதுங்க, அதுக்கப்பறந்தான் புடிக்குது. ப்ளேம்பாங்க அதை. அந்த நூலளவு எதுக்கு? அந்த நூலளவுலதான அவ முன்னால வந்து மோதறா?

நசீர்கிட்டப் போயி, ப்ளேவே இருக்கக் கூடாது, விரல் பட்டாப் புடிக்கோணும்னேன். அவன் மாட்டேன்னுட்டான். "அண்ணா, லிவருக்குக் கொஞ்சம் ப்ளே இருந்தே ஆகோணும்ணா. பிரேக் ஆயில் சூடாச்சுன்னா விரியும். விரிஞ்சா திரும்பி மேல டப்பாவுக்குப் போக வழி வேணும். ப்ளே இல்லைன்னா அந்த வழி அடைச்சுக்கும். அடைச்சா வண்டி தானாப் புடிக்கும், புடிச்சா இன்னும் சூடாகும், இன்னும் இறுக்கும்." என்ற கிட்டப் பாடம் எடுக்கறான். இருபத்தாறு வருஷமாப் பிரேக்கு மேல கால் வெச்சிருக்கறவன் நானு. அப்ப சரி சரின்னு தலையாட்டிட்டு வந்து, ஊட்டுல நானே ஸ்பேனர் எடுத்து லிவர் திருகை முறுக்கிட்டேன். நூலளவு இல்ல, மயிரளவு கூட இல்லாம. ஆயிலையும் டப்பா நெறைய, மூடியத் தொடற அளவுக்கு ஊத்திட்டேன். பைபாஸ்ல போயிப் பாத்தேன். அப்பப்பா! விரல் பட்டுது, நின்னுது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க.

கடைசி டெஸ்ட்டு கொல்லிமலைதான்னு வெச்சுக்கிட்டேன். எழுவது வளைவு. இங்க நின்னா எங்கயும் நிக்கும். ஆனா டெஸ்ட்டுன்னா முழு வெயிட்டு வேணும். அதனால வாணிகிட்டச் சொன்னேன், "கோவாவுக்கு வரவேண்டாம், விடு. இந்த ஒருக்கா மட்டும் வா. பத்து நாள் போறதுக்கு என்ன எடுப்பியோ அத்தனையும் வண்டில மாட்டற ரெண்டு பொட்டிலயும் எடுத்து வை. பக்கத்துக்குப் பன்னெண்டு கிலோ இருக்கோணும்." சட்டுனு நிமிந்து பாத்தா. "நெசமாலுமேங்களா?"ன்னு கேட்டா. நெசந்தான்னேன். "செம்மேடு வரைக்குங்களா?" ஆமா, எழுவதாவது வளைவு தாண்டிச் செம்மேடு போயி டீ குடிச்சுட்டுத் திரும்பறதுதான்னேன். அன்னைக்கு வாணி சிரிச்சாளுங்க. எத்தனை நாளாச்சு அப்படிச் சிரிச்சுப் பாத்து! ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்.

ரெண்டு நாள் உக்காந்து அடுக்குனா. நான் தராசு வெச்சு நிறுத்துப் பாத்தேன், பொட்டி பன்னெண்டேகால், பன்னெண்டேமுக்கால். உள்ளயும் பாத்தேன். சேலை எட்டு, ஸ்வெட்டரு, மூணு மாசத்துக்குத் தைராய்டு மாத்திரை, ரெண்டாவது கண்ணாடி. அடியில பிளாஸ்டிக் கவருக்குள்ள டிகிரி சர்ட்டிபிகேட்டு. இது எதுக்கு புள்ளைன்னேன். "வெயிட்டுக்குங்க"ன்னா. எனக்குப் பெருமையாப் போச்சு. சொன்னத எப்படிப் புரிஞ்சுக்கிட்டுச் செய்யறா பாருன்னு.

இன்னைக்குக் காலையில ஏழு மணிக்குக் கெளம்புனோம். மலையடிவாரம் காரவள்ளில ஆரம்பிச்சு வளைவுக்கு வளைவு பேரெடுத்துட்டு வருது வண்டி. தொட்டா நிக்குது. இருபதாவது வளைவு வரைக்கும் நான் சந்தோசத்துல பாட்டே பாடிட்டேன். முப்பதுக்கு மேல கொஞ்சம் இழுக்கற மாதிரி இருந்துச்சு. ஏத்தந்தானன்னு ஆக்ஸிலேட்டர இன்னும் முறுக்குனேன். முறுக்க முறுக்கச் சூடு. நாப்பதுல கருகற நாத்தம். அப்பறம் இங்க வந்து, சொன்னனல்ல, நின்னுபோச்சு.

வாணி எறங்குனா. எனக்கு மூஞ்சியத் தூக்கிப் பாக்க முடியல. திட்டுவான்னு பாத்தேன். திட்டல. டிஸ்க்குல இருந்து பொகை வருது, அதைப் பாத்தா. அப்பறம் ஹெல்மெட்டக் கழட்டி என்ற கையில குடுத்தா. "பொட்டிச் சாவியக் குடுங்க"ன்னா. குடுத்தேன். ரெண்டு பொட்டியையும் டக்கு டக்குன்னு கழட்டிக் கீழ வெச்சா. எப்படிக் கழட்டறதுன்னு நான் சொல்லிக் குடுத்ததே இல்லீங்க. எனக்கு வெயிட்டக் கொறைக்கறான்னுதான் நெனச்சேன். எவ்வளவு பொறுப்புப் பாருன்னு நெனச்சேன். அப்ப மேல போற பஸ்ஸு வந்துச்சு. கையக் காட்டுனா. கண்டக்டர் எறங்கி ஒரு பொட்டியத் தூக்குனான், ஒண்ணு அவளே தூக்குனா. நான், "சுகந்தி ஊட்ல இரு, வண்டி சரியானதும் வந்து கூட்டிக்கறேன்"னேன். படியில ஒரு கால் வெச்சுட்டுத் திரும்பிச் சொன்னா, "வேண்டாங்க. நீங்க பாத்து ஊட்டுக்குப் போங்க."

மழை வரப் போகுது, நான் நனைவன்னு சொல்றான்னு எடுத்துக்கிட்டேன். பஸ்ஸு போயிருச்சு. முன் சீட்டுல ஜன்னலோரமா உக்காந்திருந்தா. கண்ணாடி வழியா வெளிய பாத்துட்டே போனா. மலையைப் பாத்தா, பள்ளத்தைப் பாத்தா. என்னைப் பாக்கல. ஒவ்வொரு வளைவுலயும் பஸ்ஸு மேல ஏறறது இங்க இருந்து தெரியுதுங்க. கடைசியா அந்த மொகட்டுல ஒருக்காத் தெரிஞ்சுது.

அப்பறம் நசீருக்கு அடிச்சேன். இந்தக் கல்லு மேல ஏறி நின்னா சிக்னல் எடுக்குது. அவன் கேட்ட மொதக் கேள்வி, "லிவர் திருகைத் தொட்டீங்களாண்ணா?" பொய் சொல்ல வாய் வரல. "அரைச் சுத்து திருப்பி விடுங்க, அவ்வளவுதான்"ன்னான். அரைச் சுத்துங்க. ஏழு மாசம் மாத்து மாத்துன்னு மாத்துனேன், அரைச் சுத்துல முடிஞ்சு போச்சு. திருப்புனதும் உள்ள டொப்புன்னு ஒரு சத்தம், சக்கரம் விட்டுருச்சு. கையால சுத்துனேன், சுத்துது. ஸ்டார்ட் பண்ணிப் பத்தடி போயி நிறுத்துனேன், அருமையா நின்னுது. அப்ப மணி பத்தே கால்.

ஆமாங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது. பத்தே கால்ல இருந்து நல்லாத்தான் இருக்குது. இப்ப என்ன, ஒண்ணரைங்களா? மூணேகால் மணி நேரமா நான் சும்மாதான் உக்காந்திருக்கறேன். உங்களத் தள்ள வேண்டாம்னது அதுக்குத்தான். தள்ளுனா நகந்துரும், அப்பறம் கெளம்புங்கம்பீங்க.

எங்கீங்க கெளம்பறது? மேல போனா இருபத்தேழு வளைவு, அரை மணி நேரம். சுகந்தி ஊட்டு வாசல்ல போயி நிக்கலாம். நின்னு என்ன சொல்றது? பிரேக்கு சரியாயிருச்சு, வா புள்ளைன்னு சொல்லலாம். வரலைங்கம்பா. தையில இருந்து எண்ணிப் பாத்தனுங்க இப்ப உக்காந்து, பதினோரு தடவை சொல்லியிருக்கறா. ஒவ்வொருக்காவும் வரலைன்னுதான் சொன்னா. பயமா இருக்குதுன்னு ஒரு தடவை கூடச் சொல்லல. அது நானா வெச்சுக்கிட்டது. பன்னெண்டாந்தடவை சொன்னா நான் என்னத்த மாத்தறது? அந்த வண்டில இனி மாத்தறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்லீங்க.

கீழ போலாம்னாலும் முடியல. இந்த வண்டிய மலையில நான் ஒண்டியா எறக்குனதே கிடையாது. ரெண்டு பேரு பாரத்துக்குன்னு செஞ்ச பிரேக்கு, பின்னால ஆளில்லாம லேசாத் தொட்டாலே பின் சக்கரம் தூக்குது. சரி, அதுங்கூடப் போச்சாது, உருட்டிட்டே எறங்கிருவேன். எறங்கி? ஊட்டுக்குப் போயி, ஆரும் இல்லாத ஊட்டைத் தொறந்து, வாணி எங்கன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லோணும். கோவாவுக்குப் பேரு குடுத்தாச்சு. எல்லாம் நானா மாட்டிக்கிட்டது. அதுக்கு இந்தத் தகரத்துக்கடியிலயே இருந்துக்கலாம்னு தோணுது. வண்டி நின்னு போச்சுங்கற வரைக்கும் ஒரு ஞாயம் இருக்குதல்லங்க?

மழை கொறைஞ்சுருச்சு பாருங்க. கெளம்புங்க, தூத்தல்தான், காயிதத்த மட்டும் நெஞ்சோட வெச்சுக்கங்க. ஒரு உதவிங்க. அந்த ஹாஸ்டலு உங்க ஆபீஸுக்குப் பக்கந்தானுங்களே? அங்க புதுசா ஒரு அம்மா வந்திருக்கும். இன்னைக்கே வந்து உக்காந்திருக்கும், எனக்குத் தெரியும். நாப்பத்தி மூணாவது வளைவுல ஒருத்தர் இன்னும் உக்காந்திருக்கறார், வண்டி இன்னும் புடிச்சுட்டுத்தான் நிக்குதுன்னு சொல்லுங்க. பொய்தான். எனக்காக ஒரு பொய் சொல்லுங்க. பாவம்னு நெனச்சு ஒருவேளை அடுத்த பஸ்ஸுல எறங்கி வந்தாலும் வருவா.

சரியாயிருச்சுன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க. சரியாயிருச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் ஏன் மேல வரலைன்னு கேப்பா.

இல்லீங்க. கேக்க மாட்டா. எனக்குப் பயமே அதுதானுங்க.